நெஞ்செலும்புக்குப் பின்னால்

இந்த நாற்காலியில் நான் இதுவரை உட்கார்ந்ததில்லை. எதிர்ச் சுவர்தான் என் இடம், தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில், கையில் நீலப் பெட்டியோடு. பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்குள் சோதனைக் குழாய். அங்கே நின்றுகொண்டு இந்த வரிசையைப் பார்ப்பேன். பார்ப்பேன் என்பதும் பொய், பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன், செல்போனைத் தேய்த்துக்கொண்டு நிற்பேன். ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்து சிஸ்டர் குழாயை நீட்டியதும் படியில் இறங்கி ஓட்டம்தான், லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்க மாட்டேன், செல்கள் சாவதற்குள் லேபுக்குப் போயாக வேண்டும். இந்த நாற்காலிகள் இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. இரும்பு, நடுவில் ஓட்டை ஓட்டையாக. ஓட்டை. சீ, இந்தச் சொல்லை விட்டால் வேறு சொல்லே கிடையாதா. என் மகள் பாப்புவுக்கு இதயத்தில் ஓட்டை, கீழறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில். தானாக மூடிக்கொள்ளும் என்று பார்த்தோம், மூடவில்லை. பால் குடித்தாலே மூச்சு வாங்குகிறது, ஒன்றேகால் வயதில் கைக்குழந்தையின் எடை. காலையில் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். டாக்டர் ஜெயசீலன் அடைத்துவிடுவார், அவர் கை எனக்குத் தெரியும். இதயத்தைப் பற்றி எனக்குப் பயமில்லை. ஆபரேஷனுக்குத் தேதி குறித்த நாளிலிருந்து இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் பயம் வேறு இடத்தில் போய் மாட்டிக்கொண்டது, இதயத்துக்குச் சற்று மேலே, நெஞ்செலும்புக்குப் பின்னால், தைமஸில்.

பாடப்புத்தகத்தில் அதற்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு, சொன்னால் யாருக்கும் விளங்காது. கோழி வாங்கினால் தோலோடு ஒட்டிக்கொண்டு மஞ்சள் வெள்ளையாக ஒரு கொழுப்பு வருமே, பார்க்க அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் ரோஸ். சின்னக் குழந்தைகளுக்குப் பெரிதாக இருக்கும், இதயத்தின் மேல் போர்வை மாதிரி கிடக்கும். நெஞ்சைத் திறந்தால் முதலில் அதுதான் வழிமறிக்கும். அதை வெட்டி எடுத்தால்தான் இதயம் கண்ணுக்குத் தெரியும், சிலருக்குப் பாதி எடுப்பார்கள், சிலருக்கு முக்காலே மூணு வீசமும் போய்விடும், அது அன்றைக்கு அந்த நெஞ்சுக்குள் எப்படிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. எடுத்ததைக் குப்பையில் போடுவார்கள். குப்பைக்குப் போவதை நாங்கள் கேட்டு வாங்கிக்கொள்கிறோம், அதுதான் என் வேலை, அதை வைத்துத்தான் எனக்குப் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம். நேற்றுச் சாயங்காலம் லோகுவிடம் இதை விளக்கினேன். என் வீட்டுக்காரர் லோகநாதன், கணபதி ஏரியாவில் பம்ப்செட் ரிப்பேர் பட்டறை. உலகத்தில் எல்லாமே அவருக்கு மோட்டார்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப கழட்டறதைத் திரும்ப மாட்ட மாட்டாங்களா?” என்றார். மாட்ட மாட்டார்கள் என்றேன். “சரி, கழட்டினதை நம்மகிட்டக் காட்டுவாங்களா?” எதற்கு என்றேன். “நாங்க பழைய பேரிங்கக்கூட ஒரு கவர்ல போட்டுக் கஸ்டமர் கைல குடுத்துருவோம் கோதை. என்ன கழட்டுனோம்னு அவங்களுக்குத் தெரியோணும்ல?” சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதோ என்னவோ, அவர் முகம் சுருங்கிவிட்டது. இப்போது கீழே டீ குடிக்கப் போயிருக்கிறார். இது மூன்றாவது டீயாக இருக்கும், அந்த மனுசனால் உட்கார முடியாது.

அது இல்லாமல் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. என்ன ஆகும் கோதை, நீதான் படித்தவளாயிற்றே, சொல்லு. எலும்பு மஜ்ஜையிலிருந்து ஒரு செல் கிளம்புகிறது. தான் என்னவாகப் போகிறோம் என்று அதற்குத் தெரியாது. ரத்தத்தில் மிதந்து வருகிறது. தைமஸ் சில புரதங்களைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும், டீக்கடைப் பக்கம் போனால் வாசம் நம்மை இழுக்கிற மாதிரி அந்தப் புரதங்கள் செல்லை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே சுவர் சுவராக நிற்கும் தைமஸின் சொந்தச் செல்கள் தங்கள் மேல் டெல்டா என்று ஒரு புரதத்தை நீட்டிக்கொண்டிருக்கும். வந்த செல்லின் மேல் நாட்ச் என்று ஒன்று. இரண்டும் கோத்துக்கொள்ளும். இந்தக் கோப்புதான் அதனிடம் சொல்லும், நீ டி செல், உடம்புக்குக் காவல் நிற்கப் போகிறவள். சொல்லாமல் விட்டால் அது வேறு செல்லாகப் போய்விடும். இன்டர்லூக்கின் ஏழு என்று இன்னொரு புரதம், அது கிடைக்காவிட்டால் பாதி வழியிலேயே செத்துப்போகும், எங்கள் லேபில் அதற்குச் சோறு என்றுதான் பெயர், சோறு போட்டாச்சா என்றுதான் கேட்டுக்கொள்வோம். அப்புறம் இன்னொரு வாசம், அது உள்ளறைக்கு இழுக்கும். அங்கே கணையம் செய்கிற இன்சுலின், கண் செய்கிற புரதம், தோல் செய்கிறது, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தைமஸே செய்து காட்டும், பார்த்துக்கோ, இதெல்லாம் நம்ம வீட்டு ஆள், இதைக் கடித்துவிடாதே என்று. கடிக்கிற செல்லை அங்கேயே முடித்துவிடும். எல்லாரும் இதைப் பள்ளிக்கூடம் என்று எழுதுவார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கொல்கிறார்கள்? அதைச் சொன்னபோது லோகு, “கறாரான எடந்தான்” என்றார். கறாரான இடம்தான். பிறந்து முதல் சில வருசங்கள்தான் அது முழு மூச்சாக வேலை செய்யும், அப்புறம் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். ஒன்றேகால் வயதில் மொத்தமாக எடுத்துவிட்டால்? அதுவரை வெளியே போன செல்களை வைத்து உடம்பு ஓட்டிக்கொள்ளும், பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே இருக்கிறார்கள், ஓடுகிறார்கள், காய்ச்சல் வந்து போகிறது. புதிய டி செல்கள் குறைகின்றன என்று சில கட்டுரைகள். காவல் சீக்கிரமே கிழடாகிவிடுகிறது என்று சில. கொஞ்சம் விட்டுவைத்தால் திரும்ப வளர்கிறது என்று சில. எல்லாவற்றையும் வாசித்திருக்கிறேன், சிலவற்றை வகுப்பில் வைத்துக் கிழித்திருக்கிறேன், சாம்பிள் பத்தாது என்று. என் வீட்டில் ஒரே ஒரு சாம்பிள்தான் இருக்கிறது.

பக்கத்து நாற்காலியில் தாராபுரத்துக்காரம்மா, அவள் பையனுக்கு மத்தியானம் ஆபரேஷன். “பிஸ்கட் எடுத்துக்குங் கண்ணு, வெறும் வயித்துல உக்காந்தா நமக்கே மயக்கம் வந்துரும்” என்று நீட்டினாள். எடுத்துக்கொண்டேன். “ஒண்ணும் ஆகாதுங். எல்லாம் நல்லாப் போயிருமுங்” என்றாள். காலையிலிருந்து எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள், போனில் மாமியார், வாட்ஸப்பில் நாத்தனார் கைகூப்பிய படங்களோடு, லிஃப்டுக்காரர், எல்லாரும். எதுவும் உள்ளே போகவில்லை. ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் டெல்டா புரதத்தை வாங்கித் தண்ணீரில் கரைத்து செல்களின் மேல் ஊற்றினேன், விலையைக் கேட்டால் மயக்கம் வரும் அந்தப் புரதம். ஒரு செல்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நாள்கணக்கில் ஊற்றினேன். எங்கள் பேராசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “மிதக்க விட்டாக் கேக்காது பூங்கோதை, பிடிமானம் வேணும்” என்றார். தட்டின் அடியில் ஒட்டவைத்தேன். மறு வாரம் செல்கள் டி செல் பக்கம் திரும்பிவிட்டன. கோத்துக்கொண்டால் மட்டும் போதாது, இழுக்க வேண்டும். டெல்டா ஒரு பக்கம் இழுத்தால்தான் நாட்ச் அறுபடும், அறுந்த துண்டு செல்லின் நடுவுக்குள் போய்ச் சேதி சொல்லும். ஒட்டாமல் மிதக்கிறது எதையும் இழுக்காது. காலையில் தியேட்டர் கதவருகே பாப்பு என் சுடிதார் ஷாலைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. மயக்கத்துக்கு முன்னால் கொடுத்த மருந்தில் கண் பாதி சொருகியிருந்தது, கை மட்டும் விடவில்லை. சிஸ்டர் “விடு தங்கம், அம்மா இங்கியேதான் இருப்பாங்க” என்று விரல் விரலாகப் பிரித்தாள். கடைசி விரலைப் பிரிக்கும்போது ஷால் இழுபட்டு என் தோளிலிருந்து நழுவியது. அந்த இழுப்பு இன்னும் இங்கே இருக்கிறது, தோளில், எலும்பு வரைக்கும். பிஸ்கட் வாயில் மாவாக நிற்கிறது, விழுங்க மறந்துவிட்டேன்.

ஏன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கொஞ்சம் விட்டுவைங்க டாக்டர் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும். நேற்று ரவுண்ட்ஸ் வந்தபோது ஜெயசீலன் பாப்புவின் காலைத் தட்டிக்கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “உங்களுக்கு நான் கிளாஸ் எடுக்கறதா மேடம்?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். கவுன்சிலிங் பண்ணுகிற பெண் வந்தாள், எல்லாப் பெற்றோருக்கும் உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டுகிறவள், என்னிடம் மட்டும் “உங்களுக்குத் தெரியாததா மேடம்” என்றாள். மயக்க டாக்டரும் அதையே சொன்னார். உங்களுக்குத் தெரியாததா, உங்களுக்குத் தெரியாததா. தெரியும் என்று தலையாட்டினேன். தலையாட்டித் தலையாட்டி ஒரு கேள்வியும் கேட்க முடியாத இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். தெரிந்தவள் எப்படிக் கேட்பது. தாராபுரத்தம்மா ஜெயசீலனைப் பிடித்துக்கொண்டு எத்தனை கேள்வி கேட்டாள், தையல் போட்டால் தழும்பு நிற்குமா என்பதுவரை, அவரும் பொறுமையாகச் சொன்னார். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. தைமஸைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. அதைப் பற்றி இந்த ஆஸ்பத்திரியில் பெற்றோரிடம் பேசுகிறவள் நான் ஒருத்திதான், பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைத் தொட்டு, சம்மதமா என்று கேட்கிறவள். நான்தான் லீவாயிற்றே. சொந்த வேலை என்று சொல்லி லீவு. என்ன வேலை என்று சொல்லவில்லை. பாப்புவுக்கு இப்படி என்று லேபில் ஒருத்தருக்கும் தெரியாது. ஐயோ பாவம் என்கிற முகங்களை என்னால் தாங்க முடியாது, அவ்வளவுதான் காரணம், வேறொன்றுமில்லை.

கதவு திறந்த சத்தம், தியேட்டர் கதவு இல்லை, படிக்கதவு. நீலப் பெட்டி முதலில் தெரிந்தது, அப்புறம் நஸ்ரின். என்னிடம் ஆராய்ச்சி பண்ணுகிற பெண், மேட்டுப்பாளையத்துக்காரி, தினமும் பஸ் பிடித்து வருகிறவள், நான் கத்தினால் பதில் பேசாமல் பிப்பெட்டைத் துடைக்கிறவள். தண்ணீர்க் கேன் பக்கத்தில் போய் நின்றாள். என் இடம். செல்போனை எடுத்தாள். நிமிர்ந்தாள். “மேடம்! லீவுன்னீங்க, நீங்களே வந்துட்டீங்களா?” அவளாகவே படபடவென்று பேசினாள். “தியேட்டர்லருந்து போன் பண்ணாங்க மேடம், சின்னக் கொழந்தை, வந்து வாங்கிக்கங்கன்னு. சம்மதம் வாங்கியாச்சான்னு வார்டுல கேட்டேன். பூங்கோதை மேடம் நேத்துப் பூரா அந்த பெட் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க, பேசாமலா இருப்பாங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. சரி, நீங்க முடிச்சிருப்பீங்கன்னு வந்துட்டேன்.” நேற்றுப் பூரா அந்த பெட் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கஞ்சி ஊட்டினேன், சட்டை மாற்றினேன், பாட்டுக்கூடப் பாடினேன், வாசலோடு போய்வந்த அந்த சிஸ்டருக்கு அதெல்லாம் ஆராய்ச்சியாகத் தெரிந்திருக்கிறது. சிரிப்பு வந்தது, நிஜமாகவே வந்தது. “எம் பொண்ணு நஸ்ரின்” என்றேன். “உள்ள இருக்கறது எம் பொண்ணு.” அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். ஐயோ பாவம் முகம் வரப்போகிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டேன். வரவில்லை. நாற்காலி அசைந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், என் கையின் மேல் ஒரு கை, ஐஸ் பெட்டி பிடித்த கை, சில்லென்று.

“உங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களாக்கா?” என்றாள். மேடம் எங்கேயோ போய்விட்டது. இல்லை என்று தலையாட்டினேன். “அப்ப நான் கேக்கோணும்” என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். “உங்க பாப்பாவுக்கு நெஞ்சைத் திறக்கறப்ப இதயத்துக்கு மேல ஒரு சுரப்பி மறைச்சுக்கிட்டு இருக்கும்ங்க. அதுல கொஞ்சம் எடுத்தாத்தான் டாக்டருக்கு எடம் கெடைக்கும். எடுத்ததை எப்படியும் அப்புறப்படுத்திருவாங்க. அதை ஆராய்ச்சிக்குத் தர உங்களுக்குச் சம்மதமாங்க? வேண்டாம்னாலும் பாப்பாவோட வைத்தியத்துல ஒரு மாத்தமும் இருக்காது.” வரி வரியாக நான் எழுதிக்கொடுத்தது. உச்சரிப்பைக்கூட நான்தான் திருத்தினேன், வேகமாகச் சொல்லாதே, கையை எடுக்காதே என்று. இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டால் அது வேறு மாதிரி இருக்கிறது. கேட்கக் கேட்கத் தொண்டைக்குள் ஏதோ அறுந்து கீழே இறங்கியது. “அது இல்லீன்னாப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதா?” என்று கேட்டேன். அத்தனை அம்மாக்களும் கேட்கிற அதே கேள்வி, அதே சொற்கள். இதற்குப் பதிலும் நான் சொல்லிக்கொடுத்ததுதான், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள். நஸ்ரின் அதைச் சொல்லவில்லை. “எனக்குத் தெரியலக்கா” என்றாள். “நமக்கே இன்னும் முழுசாத் தெரியாதே.” எவ்வளவு நாளைக்கப்புறம் ஒருத்தி என்னிடம் தெரியலை என்று சொல்கிறாள். “ஆராய்ச்சிக்கு எடுத்துக்க, சம்மதம். ஆனா முடிஞ்ச வரைக்கும் விட்டுவைக்கச் சொல்லு. உள்ள போய் ஜெயசீலன்கிட்டச் சொல்லச் சொல்லு.” எழுந்தாள், பெட்டியை எடுத்தாள். “மேடம் சொன்னாங்கன்னு சொல்லட்டுமா?” “வேண்டாம். பாப்பாவோட அம்மான்னு சொல்லு.” கதவு அவளை உள்ளே வாங்கிக்கொண்டது.

நேரம் போகவில்லை. போயிருக்கும், எனக்குத் தெரியவில்லை. சேதி போய்ச் சேர்வதற்குள் வெட்டி எடுத்திருப்பார்களோ. போன் வந்ததே எடுக்கிற சமயத்தில்தானே. நஸ்ரின் கதவுக்குள் நின்று சிஸ்டரிடம் சொல்ல வேண்டும், சிஸ்டர் கையுறையோடு நிற்கிற இன்னொருத்தரிடம், அவர் குனிந்திருக்கிற ஜெயசீலனிடம். வழியில் யாராவது ஒருத்தர், மேடத்துக்குத் தெரியாததா, அப்புறம் சொல்லிக்கலாம் என்று விட்டிருந்தால் போயிற்று. லோகு மேலே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். “இத்தன நேரம் ஆகுமா?” என்றார். ஆகும் என்றேன். “பம்ப்ப நிறுத்திட்டுத்தான் தைப்பாங்களா?” ஆமாம் என்றேன். “திரும்ப ஸ்டார்ட் ஆயிருமில்ல கோதை?” அப்போதுதான் அது வந்தது. இத்தனை நாளும் தைமஸ் தைமஸ் என்று சுற்றிக்கொண்டு நான் பார்க்காமல் ஒதுக்கிவைத்திருந்தது மொத்தமும் அந்த ஒரு கேள்வியில் ஏறி வந்து என் மடியில் உட்கார்ந்தது. என் பிள்ளையின் இதயம் இந்த நிமிசம் ஓடவில்லை. பக்கத்து அறையில், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், நின்றுபோய்க் கிடக்கிறது, ஒரு இயந்திரம் அவளுக்குப் பதிலாக ரத்தத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது, சாமி, அப்படி ஒரு பயம். லோகுவின் கையைப் பிடித்தேன். கிரீஸ் போகாத நகம், தேங்காய் எண்ணெய் வாசம். ஆயிரும், ஸ்டார்ட் ஆயிரும் என்று நான் சொல்லவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், விடாமல், அவருக்கு வலித்திருக்கும்.

கதவு திறந்தது. நஸ்ரின், தலையில் நீலத் தொப்பி, கையில் பெட்டி. முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை, அழுகிறாளா சிரிக்கிறாளா. “ஓட்டையை அடைச்சாச்சுக்கா. மிசின எடுத்துட்டாங்க. பாப்பா ஹார்ட்டு தானா ஓடுது. டாக்டர் இப்ப வருவாரு.” லோகு அப்படியே தரையில் குந்திவிட்டார். தாராபுரத்தம்மா “முருகா” என்று சத்தமாகச் சொன்னாள். எனக்கு வாயில் வந்தது என்ன தெரியுமா? “பெட்டி இத்தன நேரம் உன் கைல என்னடி பண்ணுது? எப்பவோ குடுத்திருப்பாங்களே, செல்லெல்லாம் செத்துருக்குமே!” என்றுதான் வந்தது, பழக்கதோசம். “சாகட்டும்க்கா” என்றாள் நஸ்ரின், என்னிடம் முதன்முறையாகப் பதில் பேசினாள். “ஒரு சேதியும் தெரியாம இந்தப் பொட்டியத் தூக்கிக்கிட்டு உங்க முன்னாடி எப்படி வர்றது? உள்ள காரிடார்லயே நின்னுட்டேன்.” லோகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பெட்டியையே பார்த்தார். “கழட்டினது அதுக்குள்ளதான் இருக்குதுங்களா? காட்டுவீங்களா?” என்றார், பட்டறைக்கு வருகிற ஒரு கஸ்டமரைப் போல, தயங்கித் தயங்கி. நஸ்ரின் என்னைப் பார்த்தாள். இதுவரை எந்தப் பெற்றோருக்கும் நாங்கள் காட்டியதில்லை. “காட்டு” என்றேன்.

மூடியைத் திறந்தாள். ஐஸைத் தள்ளிக் குழாயை எடுத்தாள். எடுக்கும்போதே, என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பழக்கத்தில், “கொஞ்சந்தான் கெடைச்சுது மேடம்” என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். சின்னத் துண்டு வரும்போதெல்லாம் நான் கத்துவது அவளுக்கு மனப்பாடம். குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். அடியில், லோகுவின் சுண்டுவிரல் நகம் அளவுக்கு, ரோஸாக, ஒரு துணுக்கு. நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன், உள்ளங்கையில் பாதி வருகிறதையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

“இவ்வளவுதானா?” என்றேன்.

லோகு பதறிப்போய், “ஏன், பத்தாதா?” என்றார்.

“இவ்வளவுதானா நஸ்ரின்?” குரல் உடைந்து எங்கேயோ போனது, கண்ணீர் மூக்கு வாய் என்று எல்லா இடத்திலும் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. “நெசமா இவ்வளவுதானா?”

“இவ்வளவுதாங்க்கா” என்றாள் அவள். “மிச்சமெல்லாம் பாப்பாகிட்டயே இருக்குது.”